வால்யூமைத் திருகினால் கரகர: மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியது

கையால் செய்த ஆம்ப்ளிஃபயரில் முதலில் மக்கர் செய்வது பெரும்பாலும் வால்யூம் கண்ட்ரோல்தான். பெட்டிக்குள் தினமும் அசைந்து உரசும் உறுப்பு அநேகமாக அது ஒன்றுதான். ஐசியும் கெப்பாசிட்டரும் வைத்த இடத்திலேயே இருக்கும். குமிழைத்தான் வீட்டில் எல்லாரும் திருகுவார்கள். மின்னல் எஃப்எம் வானொலியில் பிடித்த பாட்டு வந்தால் ஏற்றுவார்கள், போன் அடித்தால் இறக்குவார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் ஓடிய செட் என்றால் கேட்கவே வேண்டாம், எத்தனை பேர் கை பட்டதோ.

கரகரப்பு வந்ததும் ஸ்பிரே அடிப்பது ஒரு கட்சி, உடனே புதிது வாங்கி மாட்டுவது இன்னொரு கட்சி. இரண்டும் சில சமயம் பலிக்கும். பலிக்காதபோது புதுக் கண்ட்ரோலும் முதல் நாளே கரகரக்கும். இந்தச் சத்தத்துக்கு மூன்று வேறு காரணங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று கண்ட்ரோலின் குற்றமே அல்ல.

உள்ளே என்ன நடக்கிறது

தகரக் கூட்டுக்குள் குதிரை லாட வடிவில் ஒரு கரித்தடம். அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு கால். நடுக்கால் ஓர் உலோக விரலோடு இணைந்திருக்கும். குமிழைத் திருப்பும்போது அந்த விரல் தடத்தின் மேல் உரசிக்கொண்டு நகரும். வைப்பர் என்பது இந்த விரலைத்தான்.

பத்துமலை முருகன் கோயிலின் 272 படிகளை நினைத்துக்கொள்ளுங்கள். உச்சிப் படியில் முழு சிக்னல், அடிவாரத்தில் சுழியம், அதாவது கிரவுண்ட். விரல் எந்தப் படியில் நிற்கிறதோ அந்த உயரத்துக்கான சிக்னல்தான் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். கண்ட்ரோல் சத்தத்தைக் குழாயைப் போல அடைப்பதில்லை. மேலிருந்து கீழ்வரை பிரித்துவைத்து, நடுவில் ஓர் இடத்தில் தொட்டு எடுக்கிறது. அடிவாரக் கால் ஏன் கிரவுண்டோடு சேர்ந்தே இருக்கவேண்டும் என்பது இதிலிருந்து புரியும்.

தண்டு உங்களைப் பார்த்தபடியும் கால்கள் கீழே தொங்கியபடியும் பிடித்தால் இடது கால் 1, நடு 2, வலது 3. ஆடியோவில் 1 கிரவுண்டுக்கு, 3 சிக்னல் வரும் பக்கத்துக்கு, 2 ஆம்ப்ளிஃபயரின் நுழைவாய்க்கு. இந்த எண்களை மனத்தில் வைத்தாலே பாதிக் கோளாறுகளைப் பெட்டியைத் திறக்காமல் சொல்லிவிடலாம். குமிழை எங்கே வைத்தாலும் சத்தம் குறையாமல் அலறுகிறதா? கால் 1 கிரவுண்டிலிருந்து விட்டுவிட்டது. அடிவாரம் இல்லாத படிக்கட்டு. எங்கே வைத்தாலும் சத்தமே இல்லையா? கால் 3க்கு வரும் வயரைப் பாருங்கள். பாட்டே வராமல் ‘உம்ம்’ என்ற இரைச்சல் மட்டும் கேட்டால் கால் 2. விரலோ வயரோ விட்டுப்போய் ஆம்ப்ளிஃபயரின் நுழைவாய் அந்தரத்தில் நிற்கிறது என்று பொருள்.

லாக், லீனியர்

சமமான படிக்கட்டாக இருந்தால் குமிழ் பாதியில் நிற்கும்போது 136ஆம் படியில் இருக்கவேண்டும். அப்படிச் செய்வது லீனியர் கண்ட்ரோல். நம் காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. பாதி உயரம் அதற்குக் கிட்டத்தட்ட முழுச் சத்தமாகவே கேட்கும். அதனால் வால்யூமுக்கு லீனியர் போட்டால் முதல் கால் சுற்றிலேயே எல்லாச் சத்தமும் வந்துவிடும், மீதி முக்கால் சுற்று வீண். லாக் கண்ட்ரோலில் நடுச்சுற்றில் மொத்தத்தில் 10 முதல் 15 விழுக்காடுதான் இருக்கும்; பத்துமலைக் கணக்கில் 27க்கும் 41க்கும் இடைப்பட்ட ஒரு படி.

இப்போது கடைகளில் கிடைக்கும் ஆசியத் தயாரிப்புகளில் ‘ஏ’ என்றால் லாக், ‘பி’ என்றால் லீனியர். ஏ50கே என்றால் 50 கிலோ ஓம் லாக். பி503 என்று இருந்தால் 50க்குப் பின் மூன்று சுழியம், 50,000 ஓம் லீனியர். பழைய ஐரோப்பிய செட்டுகளில் எழுத்தின் பொருள் மாறியிருக்கலாம், மலிவுச் சரக்கில் ஏ என்று அச்சடித்துவிட்டு உள்ளே பி இருப்பதும் உண்டு. எழுத்தை நம்பாமல் அளப்பதே நல்லது. குமிழை நடுவில் நிறுத்தி, 1க்கும் 2க்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 50 கிலோ ஓம் கண்ட்ரோலில் 25 காட்டினால் லீனியர், 5 முதல் 8 காட்டினால் லாக்.

திறக்கும் முன்

சொந்தமாகச் செய்த செட்டில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளேயே இருந்தால் பெட்டிக்குள் 230 வோல்ட் இருக்கிறது. சுவிட்சை அணைப்பது போதாது, மூன்று முள் பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள். பிறகு பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை, காப்புறையுள்ள கிளிப் வயரால், அரை நிமிடம் பிடியுங்கள். 4,700 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் வரையுள்ள கெப்பாசிட்டர் அதற்குள் வடிந்துவிடும். மீட்டரில் வோல்ட்டேஜ் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடும் பழக்கம் வேண்டாம்.

திருகத் தொடங்கும்போதே ‘டிக்’ என்று ஆன் ஆகும் வால்யூமில் இன்னும் கவனம் தேவை. அந்தச் சுவிட்ச் கண்ட்ரோலின் முதுகிலேயே ஒட்டியிருக்கும். பழைய ரேடியோக்களில் அந்தப் பின்பக்கக் கால்களில் மெயின்ஸ், அதாவது சுவர் மின்சாரம், நேராக வந்து போகும். பினாங்கின் லோரோங் கூலிட் பழைய சந்தையிலிருந்து தூக்கி வந்த வால்வு ரேடியோவைப் புதியவர்கள் முதல் வேலையாகத் திறக்கவேண்டாம். சிலவற்றில் சேசிஸே, அதாவது உள்ளிருக்கும் உலோகச் சட்டமே, மெயின்ஸோடு சேர்ந்திருக்கும். 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் சிறிய செட்டில் கை பழகுங்கள்.

இன்னொன்று: முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டே போகும் குமிழ் என்றால் அது கண்ட்ரோலே அல்ல, ரோட்டரி என்கோடர். புளூடூத் போர்டுகளில் அதிகம். இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது.

எது காரணம்: காசு செலவில்லாத சோதனை

பாட்டை நிறுத்துங்கள். செட் ஆனில் இருக்கட்டும். குமிழை மெதுவாக முழுவதும் திருப்புங்கள்.

பாட்டே இல்லாதபோதும் திருப்பும்போதெல்லாம் கரகரவென்றால் கண்ட்ரோலுக்குள் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம், நுழைந்திருக்கிறது. பாட்டு இல்லாதபோது அமைதியாக இருந்து, ஓடும்போது மட்டும் வெட்டி வெட்டி வந்தால் அழுக்கு அல்லது தேய்வு. அழுக்குத் தடத்தில் விரல் தடுக்கி விழுந்தாலும், தடுக்கி விழ அங்கே வோல்ட்டேஜ் ஏதாவது இருந்தால்தானே ஸ்பீக்கரில் கேட்கும். சிக்னலும் இல்லை, டிசியும் இல்லை என்றால் பெரிதாக எதுவும் கேட்காது. விரல் முற்றாக விட்டுப்போகும் இடத்தில் மட்டும் ஒரு ‘டப்’ அல்லது ‘உம்ம்’ வரலாம்.

சத்தம் குமிழின் எந்த இடத்தில் வருகிறது என்பதையும் கவனியுங்கள். சுற்று முழுக்கப் பரவலாக வந்தால் அழுக்கு. தினமும் நிறுத்திவைக்கும் இடத்தில், கடிகார முள் கணக்கில் ஒன்பது மணி, பத்து மணியில், மட்டும் வந்தால் அங்கே கரி தேய்ந்துவிட்டது.

அழுக்கு

நம் ஊர் ஈரக்காற்று ஒரு பக்கம், சமையலறை எண்ணெய்ப் புகை ஒரு பக்கம், சாமி அலமாரிக்குப் பக்கத்தில் செட் இருந்தால் சாம்பிராணிப் புகை வேறு. பினாங்கில் கடற்கரையோர வீடுகளில் உப்புக் காற்றும் சேரும். எல்லாம் கால்களுக்கு மேலே இருக்கும் சிறிய இடுக்கு வழியாகவே உள்ளே போகிறது. ஸ்பிரேயும் அந்த வழியாகத்தான் போகவேண்டும்.

கண்ட்ரோலுக்கு ஏற்றது, மசகு சேர்ந்த கான்டாக்ட் கிளீனர். மெல்லிய குழாயை இடுக்கில் வைத்து ஒரு நொடி அடித்தால் போதும். உடனே குமிழை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 20, 30 முறை திருப்புங்கள். அழுக்கைக் கிளப்புவது இந்த உரசல். ஸ்பிரே அதைக் கழுவிக்கொண்டு போகிறது. பத்து நிமிடம் காயவிட்டுப் பிறகு மின்சாரம் கொடுங்கள். கிளீனர் ஆவி தீப்பிடிக்கக் கூடியது. பக்கத்தில் சால்டரிங் அயர்ன் சூடாக இருக்கக்கூடாது.

தண்டு வழியாக அடிக்கவேண்டாம். குமிழைத் திருப்பும்போது பட்டுப்போல வழுக்குவது அங்கே இருக்கும் கிரீஸால்தான். அது கரைந்தால் குமிழ் லொடலொடவென்று ஆகிவிடும், கரைந்த கிரீஸ் தடத்தில் வழிந்து புதிய அழுக்காகும். கதவுக் கீலுக்கும் சைக்கிள் சங்கிலிக்கும் அடிக்கும் துரு இளக்கும் எண்ணெயும் வேண்டாம். இரண்டு நாள் நன்றாக இருக்கும், பிறகு அந்த எண்ணெய்ப் படலத்தில் தூசி ஒட்டி முன்னைவிட மோசமாகும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் சுத்தமாகத் துடைக்கும், ஆனால் மசகு விட்டுவைக்காது. வேறு வழியில்லாவிட்டால் பயன்படுத்தலாம்.

டிசி

கண்ட்ரோலுக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கும் கெப்பாசிட்டர்களின் வேலை டிசியை நிறுத்தி ஆடியோவை மட்டும் விடுவது. அது கசிந்தாலோ, செலவு மிச்சம் என்று போடாமலே விட்டிருந்தாலோ கரித்தடத்தில் டிசி ஓடும். விரல் நகர்ந்து தடுக்கும் ஒவ்வொரு கணமும் அந்த டிசி துண்டுபட்டுச் சத்தமாகிறது. கையால் செய்த செட்டுகளில் இந்தக் கோளாறு வழக்கமானது, கண்டுபிடிக்கப்படாமல் போவதும் இதுதான்.

அளப்பது எளிது. மல்டிமீட்டரை டிசி 2 வோல்ட் வரிசையில் வைத்து, கருப்பு முனை கிரவுண்டில், சிவப்பு முனை முதலில் கால் 3இல், பிறகு கால் 2இல். பாட்டு ஓடக்கூடாது, குமிழ் நடுவில் இருக்கட்டும். சில மில்லிவோல்ட் என்றால் கவலையில்லை. 10, 20 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். வோல்ட் கணக்கில் இருந்தால் அதுவே திருடன். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்க, செட்டை அணைத்துக் கால் 2இன் வயரைக் கழற்றி, மறுபடி ஆன் செய்து கால் 3ஐ அளங்கள். டிசி அப்படியே இருந்தால் முன்னால் உள்ள ப்ரீஆம்ப் (சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி) அல்லது புளூடூத் போர்டிலிருந்து வருகிறது; சில மலிவு போர்டுகளின் வெளியீட்டிலேயே ஓரிரு வோல்ட் டிசி நிற்பதுண்டு. மறைந்துவிட்டால் பின்னால் உள்ள ஆம்ப்ளிஃபயரிலிருந்து வருகிறது.

பின்பக்க டிசி எங்கிருந்து வருமென்றால், ஐசியின் நுழைவாயிலிருந்தே மிகச் சிறிய மின்னோட்டம் கசியும். என்இ5532 ஐசியில் அது வழக்கமாக 200 நானோஆம்பியர். 50 கிலோ ஓம் லீனியர் கண்ட்ரோல் நடுவில் இருக்கும்போது விரலுக்கு எதிரே 12.5 கிலோ ஓம் தெரியும். இரண்டையும் பெருக்கினால் 2.5 மில்லிவோல்ட். 20 மடங்கு பெருக்கும் ஆம்ப்ளிஃபயரில் டிசியும் பெருகும் அமைப்பாக இருந்தால் அது 50 மில்லிவோல்ட். குமிழைத் திருப்பத் திருப்ப இந்த அளவு மாறும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே: வரும் பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டரைத் தொடராகப் போடுங்கள். எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. கிலோ ஓமையும் மைக்ரோஃபாரடையும் பெருக்கி, அதனால் 159ஐ வகுங்கள். வரும் ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி குறையத் தொடங்கும். 10 கிலோ ஓம் கண்ட்ரோலுக்கு முன்னால் 2.2 மைக்ரோஃபாரட் போட்டால் 7 ஹெர்ட்ஸ், போதும். 50 கிலோ ஓமுக்கு 0.47 போட்டாலே அதே அளவு. கையில் இருக்கிறதே என்று 10 கிலோ ஓமுக்கு 0.1 மைக்ரோஃபாரட் போட்டால் 159 ஹெர்ட்ஸ். உருமி மேளத்தின் உறுமல் போய்விடும், குச்சி அடி மட்டும் கேட்கும். முடிந்தால் பாலியெஸ்டர் ஃபிலிம் வகை போடுங்கள். எலக்ட்ரோலிட்டிக் போட்டால் பிளஸ் முனை டிசி இருக்கும் பக்கம் இருக்கவேண்டும். திருப்பிப் போட்டால் அதுவே கசியத் தொடங்கும்.

கால் 2க்குப் பின்னால் கெப்பாசிட்டர் போடும்போது, ஐசியின் நுழைவாயிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள். டிடிஏ2030 சர்க்யூட்டில் வழக்கமாக 22 கிலோ ஓம் இருக்கும். அது இல்லாமல் கெப்பாசிட்டர் மட்டும் போட்டால் கசியும் மின்னோட்டத்துக்குப் போக வழியில்லாமல் ஐசியின் வெளியீடு ஒரு பக்கமாய்ச் சாய்ந்துவிடும்; ஸ்பீக்கருக்கே ஆபத்து. ஒற்றை சப்ளையில் (பிளஸ் மட்டும், மைனஸ் இல்லாமல்) ஓடும் செட்டில் இந்த ரெசிஸ்டர் கிரவுண்டுக்குப் பதில் பாதி வோல்ட்டேஜ் புள்ளிக்குப் போகும்; அங்கே கை வைக்கவேண்டாம்.

தேய்வு

செட்டை அணைத்து, 2, 3 கால்களின் வயர்களைக் கழற்றி, 1க்கும் 3க்கும் இடையே அளங்கள். எழுதியிருப்பதிலிருந்து 20 விழுக்காடு கூடக் குறைய இருப்பது இயல்பு. பிறகு 1க்கும் 2க்கும் இடையே வைத்து மெதுவாகத் திருப்புங்கள். எண் சீராக ஏறவேண்டும். டிஜிட்டல் மீட்டர் மந்தமானது, சின்ன வெட்டுகளைக் காட்டாது. பழைய முள் மீட்டர் இருந்தால் எடுங்கள். தேய்ந்த இடத்தில் முள் துள்ளுவது கண்ணுக்குத் தெரியும்.

மூடியின் நான்கு காதுகளை நிமிர்த்தித் திறந்தால் தடத்தில் பளபளப்பான கோடு ஒன்று தெரியும். அதன் நடுவில் அடியிலுள்ள பழுப்பு அட்டை எட்டிப் பார்த்தால் கரி போய்விட்டது. விரலின் கம்பிகளைப் பக்கவாட்டில் அரை மில்லிமீட்டர் வளைத்து, தேயாத இடத்தில் ஓடவிட்டால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். இதே மாதிரி இனிக் கிடைக்காத கண்ட்ரோலுக்கு இந்தப் பாடு தகும். மென்மையான பென்சிலால் தேய்ந்த இடத்தில் தீட்டுவது இன்னொரு வைத்தியம். பென்சில் கரி சில வாரத்தில் உதிரும், மதிப்பும் மாறிவிடும். சாதாரண 16 மில்லிமீட்டர் கண்ட்ரோல் சில வெள்ளிதான். அதற்கு இவ்வளவு மெனக்கெடவேண்டியதில்லை.

வாங்குவதும் மாட்டுவதும்

கோலாலம்பூரில் என்றால் புடு பக்கம் ஜாலான் பாசார். கடையில் மதிப்பை மட்டும் சொன்னால் போதாது. ‘ஏ ஐம்பது கே, டபுள், பதினாறு மில்லி, வயர் பற்றவைக்கும் கால்’ என்று முழுதாகச் சொல்லவேண்டும். ஸ்டீரியோவுக்கு ஒரே தண்டில் இரண்டு அடுக்கு உள்ள டபுள் தேவை. தண்டின் விட்டம் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர். ஆனால் பல் வெட்டியதா, ஒரு பக்கம் சப்பையா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பழைய குமிழ் பொருந்தாது. பழையதையே கையில் கொண்டுபோவது உத்தமம்.

லாக் கிடைக்காமல் பி100கே மட்டுமே கிடைத்தால் சோர்ந்துபோகவேண்டாம். 100 கிலோ ஓம் லீனியரில் கால் 2க்கும் 1க்கும் இடையே 15 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பற்றவையுங்கள். நடுச்சுற்றில் கீழ்ப்பாதி 50 கிலோ ஓமும் 15 கிலோ ஓமும் பக்கவாட்டில் சேர்ந்து 11.5 ஆகும், மேலே 50 அப்படியே. 11.5ஐ 61.5ஆல் வகுத்தால் 19 விழுக்காடு. பத்துமலையில் 51ஆம் படி. காதுக்கு லாக் போலவே இருக்கும். மலிவு லாக் கண்ட்ரோல்களைவிட இதையே பரிந்துரைக்கலாம்: லீனியர் தடத்தில் இடது வலது அளவுகள் நன்றாக ஒத்துப்போகும், விரல் எங்காவது துள்ளினாலும் அந்த ரெசிஸ்டர் நுழைவாயை அந்தரத்தில் விடாது. ஒரே குறை, முழுச் சுற்றில் முன்னால் உள்ள போர்டு 13 கிலோ ஓம் சுமையை ஓட்டவேண்டும். வால்வு ப்ரீஆம்ப் திணறும், ஐசி போர்டுகளுக்கு அது பொருட்டல்ல.

கழற்றும் முன் படம் எடுத்துவையுங்கள். பழைய ஈயத்தைப் பம்பால் உறிஞ்சி வயர்களை விடுவியுங்கள். புதியதை மாட்டும்போது, தண்டுக்குப் பக்கத்தில் துருத்தி நிற்கும் சின்னக் காதை உடைத்தெறியாமல் பலகையில் அதற்கொரு துளை போடுங்கள். அது இல்லையென்றால் நட்டு தளரும் நாளில் கண்ட்ரோல் முழுதும் குமிழோடு சேர்ந்து சுற்றி வயர்களை அறுத்துவிடும்.

அயர்ன் 350 டிகிரி, 0.8 மில்லிமீட்டர் ஈயம், ஒவ்வொரு காலுக்கும் மூன்று நொடி. அதற்கு மேல் சூடு காட்டினால் காலைத் தடத்தோடு பிடித்திருக்கும் ரிவெட் தளரும், வெளியில் பளபளவென்று ஈயம் இருந்தும் உள்ளே தொடர்பு விட்டு விட்டு வரும். கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துப் பற்றவையுங்கள். மேல்நோக்கி இருந்தால் ஈயத்துக்குள் இருக்கும் பசை, அதாவது ஃபிளக்ஸ், உருகிக் காலோடு வழிந்து தடத்தில் இறங்கிவிடும்; புதுக் கண்ட்ரோல் கரகரப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டு அடுக்கிலும் கால் 1 கிரவுண்டுக்கு. 1ஐயும் 3ஐயும் மாற்றிப் போட்டால் குமிழ் தலைகீழாக வேலை செய்யும், அது உடனே தெரியும். 2ஐயும் 3ஐயும் மாற்றுவது வஞ்சகமான தவறு. வால்யூம் குறைவது போலவே இருக்கும், ஆனால் குறைக்கும்போது முன்னால் உள்ள போர்டின் வெளியீட்டைக் கிரவுண்டோடு ஷார்ட் செய்கிறீர்கள். குமிழைத் தொட்டதும் ‘உம்ம்’ என்றால் கண்ட்ரோலின் உலோக உடம்புக்குக் கிரவுண்ட் இல்லை. முதுகுத் தகரத்தைக் கொஞ்சம் சுரண்டி அங்கிருந்து கால் 1இன் கிரவுண்டுக்கு ஒரு வயர் போதும். பெட்டி உலோகமாகவும் ஏற்கனவே கிரவுண்டோடு சேர்ந்தும் இருந்தால் நட்டு இறுகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கூடுதல் வயர் போட்டால் கிரவுண்ட் இரண்டு வழியாகச் சுற்றி, இல்லாத இரைச்சலை உண்டாக்கும்.

முதல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்: பாட்டு இல்லாமல் ஒரு முழுச் சுற்று, பாட்டோடு ஒரு முழுச் சுற்று. சுழியத்திலிருந்து ஏற்றத் தொடங்கும்போது ஒரு பக்க ஸ்பீக்கர் முந்திக்கொண்டால் உங்கள் சால்டரிங்கைச் சந்தேகிக்கவேண்டாம். டபுள் லாக்கின் இரு தடங்களும் அடிப்பகுதியில் ஒத்துப்போவதில்லை. மேலே சொன்ன லீனியரும் ரெசிஸ்டரும் சேர்ந்த முறைக்கு மாறலாம், அல்லது ஆம்ப்ளிஃபயரின் பெருக்கத்தைக் குறைத்து, வழக்கமாகக் கேட்கும் அளவுக்குக் குமிழ் பதினொரு மணியில் நிற்கும்படி செய்யலாம்.